மாட்டுத்தொழுவுல மானிய டிஷ்

"மானியத்தை மொத்தமா முழுங்கிட்டான்வே!"

கட்டுப்போட்ட காலை முக்காலியில தூக்கி வச்சுக்கிட்டு, மதில் சுவரைப் பாத்துக் கத்துனாரு எஸ்றா. சுவருக்கு அந்தப் பக்கம் இஸ்ரவேல் வீடு. அங்கன வாசல்ல சாட்டிலைட் டிஷ்ஷோட வண்டி வந்து நிக்கி.

களக்காட்டுக்கு மேக்க மலையடி ஊரு. போன்ல ரெண்டு கோடு தெரியணும்னா குளத்து மடை மேல ஏறி நிக்கணும். டவர் இங்கன வராதுன்னுதான் அரசாங்கம் இன்டர்நெட் டிஷ்ஷுக்கு மானியம் குடுத்துச்சு. எஸ்றாவும் எழுதிப் போட்டாரு. வீடு புறம்போக்குல இருக்கு, பட்டா இல்லைன்னு தள்ளிட்டாங்க. பட்டா வச்சிருந்த இஸ்ரவேலுக்குக் கிடைச்சிட்டு.

வேற யாருக்குக் கிடைச்சிருந்தாலும் எஸ்றா நிம்மதியாத் தூங்கியிருப்பாரு. போன சர்ச் சபைத் தேர்தல்ல ரெண்டு பேரும் ரெண்டு அணி. அன்னையிலேருந்து கோயில்ல ஒரு 'ஸ்தோத்திரம்' கூட மூஞ்சி பாத்துச் சொல்லுததில்லை. கர்த்தர்ட்ட ஆளுக்கொரு பக்கம் புகார் குடுக்கிறதோட சரி.

"எப்பா, சும்மா இருங்க." லேப்டாப்பைப் பையில திணிச்சா மக ஜெசி. அப்பாவுக்குக் கால் ஒடிஞ்சதால, சென்னைக் கம்பெனி வேலையை வீட்டுலேருந்தே பாக்கா. "மூணு மணிக்கு மீட்டிங். இன்னைக்கும் பாதியில கட்டாச்சுன்னா வேலைக்கே வராண்டாம்னு மேனேஜர் சொல்லிட்டாங்க. நான் மடைக்குப் போறேன்."

"மழை இருட்டிட்டு வருது மக்கா! ஒரு கையில குடை, ஒரு கையில லேப்டாப்பு. எதைக் கொண்டு பேசுவ?"

ஜெசிக்குக் கண்ணு கலங்கிட்டு.

அந்தப் பக்கம், டிஷ் மாட்ட வந்த எபி ஏணியைச் சாத்துனான். "அண்ணாச்சி, மொட்டை மாடியில மாட்டிருவமா? ஹால்ல நெட்டு சும்மா பிச்சிட்டுப் போகும்."

"மாடி வேண்டாம். மாட்டுத்தொழு மேல மாட்டு. ரூட்டர் டப்பாவும் தொழுவுலயே இருக்கட்டும்."

"அப்ப வீட்டுக்குள்ள வராதே!"

"வராட்டிப் போவுது."

எபி மாட்டைப் பாத்தான். மாடு எபியைப் பாத்துச்சு.

"ஏன் அண்ணாச்சி, இது கோமாரி ஊசிக்கு ஆன்லைன்ல பேர் பதியுமோ?"

"வாயைக் குறைச்சுட்டு வேலையைப் பாருலே."

தொழு, மதில் சுவரை ஒட்டித்தான் இருக்கு. அது மேல டிஷ் ஏறுனதும் எஸ்றாவுக்குக் கோவம் இன்னும் ஏறிட்டு.

"பாத்தியா ஜெசி! நம்ம கண்ணுல குத்தணும்னே அங்கன மாட்டச் சொல்லுதான். அவன் மாடு சொகுசாப் படம் பாக்கணும், எம்மக மழையில நனையணும்!"

இஸ்ரவேல் காதுல விழாத மாதிரி நின்னாரு. "ஏலே எபி, காப்பி ஆறுது. உள்ள வா."

காப்பி குடிச்சிட்டு வெளிய வந்த எபி, நேரா எஸ்றா வீட்டு வாசல்ல போயி நின்னான்.

"பெரியவரே, மானியத்துல ஒரு சட்டம் இருக்கு. டிஷ் வாங்குனவங்க பக்கத்து வீட்டுக்கும் நெட் குடுத்தே ஆகணும். இல்லைன்னா கழட்டிட்டுப் போயிருவோம். அக்கா, லேப்டாப்பை எடுங்க."

"நெசமாவாலே?"

"சர்க்கார் உத்தரவு. நான் என்ன செய்ய?"

சுவருக்கு அங்கிட்டு இருந்து இஸ்ரவேல் எகிறுனாரு. "இது என்ன அநியாயம்? எம்பேர்ல வந்ததை நான் எதுக்கு அவனுக்குக் குடுக்கணும்?"

"குடுத்துத்தான்வே ஆகணும்! சட்டம்வே, சட்டம்!" சந்தோசத்துல எஸ்றா எந்திச்சே நின்னுட்டாரு. "ஐயோ"ன்னு மறுபடி உக்காந்தாரு. "வயிறு எரியுதோ? நல்லா எரியட்டும்!"

மூணு மணிக்கு மழை ஊத்து ஊத்துன்னு ஊத்துச்சு. ஜெசி வீட்டுக்குள்ள, நனையாம, நாற்காலியில சாஞ்சு உக்காந்திருந்தா. மேனேஜர் முகம் திரை நிறையத் தெரிஞ்சுது.

"கேக்குது மேடம்... ஆமா மேடம், இனி கட்டாகாது மேடம்."

எஸ்றா துண்டால கண்ணைத் துடைச்சாரு. துடைச்ச கையோட, மழையும் அடங்கட்டும்னு பைய ஒரு ஜெபமும் பண்ணுனாரு.

தொழுக் கூரையோட இறவாணத்துல ஒதுங்கி நின்னு எபி சாமானைப் பையில போட்டான். "அண்ணாச்சி, ஒங்க போனைத் தாங்க. ஒங்களுக்கும் போட்டு விடுதேன்."

இஸ்ரவேல் சட்டைப் பையிலேருந்து எடுத்தாரு. பழைய பட்டன் போனு. மூடி விழுந்திராம ரப்பர் பேண்டு வேற.

"இதுல என்னத்தலே போடுவ?"

எபி வாயைப் பொளந்தான். சுவருக்கு அங்கிட்டு ஜெசி சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. இஸ்ரவேல் அதைக் கேட்டு முடிச்சிட்டுத்தான் குரலைத் தாழ்த்துனாரு.

"நான் குடுத்தேன்னு தெரிஞ்சா, பிள்ளைக்கு வேலையே போனாலும் எஸ்றா தொடவிட மாட்டான். அதனால, நாம காப்பி குடிக்கையில போட்ட சட்டம் இந்தச் சுவரைத் தாண்டப்பிடாது, ஆமா!"