பதினொரு வருடத்துப் படிகம்

மேடையேறும் முன் தம்பி ஒருமுறை திரும்பிப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த அக்கா, தண்ணீர் குடி என்று கையாலேயே சாடை காட்டினாள்.

சொன்னபடி கேட்டான். பாதித் தண்ணீர் சட்டையில் சிந்தியது.

அரங்கில் உட்கார இடமில்லை. படிகளில்கூட ஆட்கள். இயற்பியல் மாநாட்டில் இப்படிக் கூட்டம் கூடினால், யாரோ ஒருவருடைய பேர் அடிபடப் போகிறது என்று அர்த்தம்.

“உங்களுக்குத் தெரிஞ்ச பையனா?” என்றார் பக்கத்து இருக்கைக்காரர். எங்கோ கல்லூரியில் வாத்தியார் போலிருந்தது. கோட்டுக் கையெல்லாம் சாக்பீஸ் தூள்.

“என் தம்பி.”

அந்த இரண்டு சொல்லைச் சொல்வதற்குள் அவளுக்கு மார்பு விம்மியது. பதினாறு வயது இளையவன். அவளுடைய சுண்டு விரலைப் பிடித்துத்தான் நடக்கவே பழகினான்.

முதல் நிமிடம் அவனுக்கு நாக்குக் குழறியது. திரையில் படிகத்தின் படம் வந்ததும் ஆளே மாறிவிட்டான்.

பதினொரு வருடங்களுக்கு முன் அந்தப் படிகத்தைப் பற்றி வந்த கட்டுரை, துறையையே புரட்டிப் போட்டிருந்தது. கடுங்குளிரில் அதன் மின்தடை அடியோடு மறைந்துவிடுகிறது. மின்சாரம் துளி இழப்பில்லாமல் ஓடுகிறது. அந்த வகைப் பொருளில் அப்படி நடக்கும் என்று எவரும் கனவிலும் நினைத்ததில்லை. கட்டுரை பரிசு வாங்கியது. பாடப்புத்தகத்தில் ஏறியது. அதே படிகத்தை வளர்த்துப் பார்த்த ஆய்வகங்களில் சிலவற்றுக்கு வாய்த்தது. மற்றவை கையைப் பிசைந்துகொண்டு நின்றன.

தம்பி அந்தப் பழைய படிகத்தையே எடுத்து, அதன் மேற்பரப்பில் காந்தப்புலத்தை மயிரிழை மயிரிழையாக அளந்திருந்தான்.

திரையில் ஒரு கருநீலப் பரப்பு. குறுக்கே ஒரே ஒரு வெள்ளைக் கோடு.

தடையில்லாமல் மின்சாரம் ஓடியது அந்தக் கோட்டில் மட்டும்தான். படிகம் உலையில் வளர்ந்தபோது, கடுங்குளிரில் தானே தடையிழக்கும் சாதாரண உலோகம் கொஞ்சம் உருகி, ஒரு வெடிப்புக்குள் புகுந்து உறைந்துபோயிருக்கிறது. அந்த இழையை வெட்டி விலக்கிவிட்டு அளந்தால், மின்தடை அப்படியே இருக்கிறது. அதிசயம் எதுவும் இல்லை.

அரங்கம் முழுக்க ஒரு முணுமுணுப்பு ஓடி அடங்கியது.

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயித்துவிட்ட குரல் இல்லை. ‘தவறு’ என்ற சொல்லை ஓரிடத்திலும் அவன் வாயில் எடுக்கவில்லை. “அன்னைக்கு இருந்த கருவிகளை வெச்சு இந்த இழையைக் கண்டுபிடிச்சிருக்கவே முடியாது” என்றான். யார் சொல்லிக் கொடுத்தும் வருவதில்லை அந்தப் பக்குவம்.

“பாவம், அந்தக் கட்டுரையை எழுதினவங்க” என்று கிசுகிசுத்தார் வாத்தியார். “இனிமே வெளியே தலைகாட்ட முடியுமா?”

“முடியும்” என்றாள்.

கேள்வி நேரம். பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். நரைத்த தாடியை நீவிக்கொண்டே கேட்டார்.

“எல்லாம் சரி. அவங்க வளர்த்த அந்த முதல் படிகத்துல உலகத்துலேயே ஒரே ஒரு துண்டுதான் மிச்சம்னு கேள்விப்பட்டிருக்கேன். அதைப் போய் வெட்டிப் பார்க்க யாருய்யா குடுப்பாங்க? உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?”

தம்பி மைக் கையில் இருப்பதையே மறந்து, மூன்றாம் வரிசையைப் பார்த்துக் கேட்டான்.

“அக்கா, சொல்லட்டுமா?”

அரங்கின் அத்தனை மூலைகளிலும் அது கேட்டது. முந்நூறு தலைகள் ஒன்றாகத் திரும்பின. வாத்தியார் நாற்காலியில் ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்தார்.

போன வருடம் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றவன், வந்த விஷயத்தைக் கடைசிவரை கேட்கவே இல்லை. வெட்ட வேண்டியிருக்கும் என்று மட்டும் செருப்பைப் பார்த்துச் சொன்னான். அவள் உலையருகே ஏழு வாரம் காத்துக் கிடந்து வளர்த்த படிகம். அவள் பெயர் போட்ட கட்டுரை. மேசை இழுப்பறையிலிருந்து டப்பாவை எடுத்து அவன் உள்ளங்கையில் அவளே வைத்தாள்.

இப்போது அவள் எழுந்து நின்றாள்.

“சொல்லுடா. என் பேரைச் சேர்த்தே சொல்லு.”