மனம் இணைய இருபது நிமிடம்

மனங்கள் இணைவதற்கு இன்னும் பதினெட்டு நிமிடம் இருந்தது. பாட்டு வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே முதியோர் இல்லத்தின் வராந்தாவில் நடந்தார்.

கச்சேரி ஒருவழியாக முடிந்திருந்தது. பன்னிரண்டு மாணவர்களும் மூன்று பாட்டை முழக்கித் தள்ளிவிட்டார்கள். பெரியவர்கள் நடுவில் இரண்டு முறை கைதட்டி முடித்துவைக்கப் பார்த்தார்கள். பலிக்கவில்லை.

இனி இருபது நிமிடம் ‘மனங்கள் இணையும்’ நேரம்: ஆளுக்கொரு பெரியவர், ஆளுக்கொரு படிவம். ‘மனம் விட்டுப் பேசினேன்’ என்று மாணவர் எழுத வேண்டும். ‘ஆம், பேசினார்’ என்று பெரியவர் கையெழுத்துப் போட வேண்டும். பன்னிரண்டும் சேர்ந்தால்தான் பள்ளிக்குச் சமூக சேவைக் கேடயம்.

போன வருடம் பதினொன்றுதான் சேர்ந்தது. ஒன்பதாம் அறைப் பெரியவர், வயலினோடு போன பையனின் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்திவிட்டார்.

கேடயத்துக்கென்று அலமாரியில் இடம் ஒதுக்கியிருந்த தலைமையாசிரியை, அந்தக் காலி இடத்தைக் காட்டிக் காட்டியே வாத்தியாரை ஒரு வழி பண்ணிவிட்டார். இந்த முறையும் கோட்டைவிட்டால் பாட்டு வகுப்பு நேரம் கணக்குப் பாடத்துக்குப் போய்விடும் என்றும் சொல்லிவிட்டார். வகுப்பு போனால் வாத்தியாரும் போக வேண்டியதுதான்.

ஒன்பதாம் அறைக்கு யார் என்றதும் பிள்ளைகள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். ஒரே ஒரு கை உயர்ந்தது. கிலுகிலுப்பைக்காரியின் கை.

அந்தப் பெண்ணுக்கும் இசைக்கும் ஏழாம் பொருத்தம். இரண்டு மாதத்துக்கு முன் குழுவில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி ஒற்றைக் காலில் நின்றாள். சேதம் குறைவாக இருக்கட்டும் என்று கிலுகிலுப்பையைக் கொடுத்தார். அதிலும் தாளம் தப்பியது.

அவள் போய்க் கதவைத் தட்டினாள். கதவு சாத்தும் சத்தத்துக்கு வாத்தியார் காத்திருந்தார்.

கதவு திறந்தது. அவளை உள்ளே விட்டது.

பத்து நிமிடம் கழித்து உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. தரை துடைத்துக்கொண்டிருந்த பணிப்பெண் நிமிர்ந்தாள்.

“இவருக்குச் சிரிக்கக்கூட வருமா?”

வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை. கல்லையும் கரைக்கிறதே இசை! கேடயம் வாங்கும்போது பேச வேண்டியதை மனதுக்குள் எழுத ஆரம்பித்தார். அதில் ‘நான்’ என்ற சொல் ஐந்து முறை வந்தது. ஒரு படமும் இருக்கட்டும் என்று செல்போனை எடுத்துக்கொண்டு பூனை போல் போனார்.

கதவு ஒருக்களித்திருந்தது. பெரியவர் அவளுடைய முன்முடியை ஒதுக்கி, புருவத்துக்கு மேலே இருந்த தழும்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

“சைக்கிள்ல இருந்து விழுந்தது இன்னும் மறையலையே கண்ணு. உங்கப்பன் என்னைப் பத்தி ஏதாவது கேட்டானா?”

“நான் இங்க வர்றதே அப்பாவுக்குத் தெரியாது தாத்தா. மெதுவாப் பேசுங்க, சார் காதுல விழுந்தா அவ்வளவுதான்.”

சார் காதில் விழுந்துவிட்டது.

படிவத்தின் ஐந்தாம் கேள்வி அவருக்கு மனப்பாடம். முதியவர் உங்களுக்கு உறவா? ஆம் என்றால் அது சேவையில் சேராது, படிவம் தள்ளுபடி. சொந்தத் தாத்தாவைப் பார்க்க எவராவது படிவம் நிரப்பிக்கொண்டு வருவார்களா, வேலையற்ற கேள்வி என்று அவரே பலமுறை சிரித்திருக்கிறார்.

படம் எடுக்காமல் திரும்பிவந்தார்.

நேரம் முடிந்ததும் படிவங்கள் வந்து சேர்ந்தன. கிலுகிலுப்பைக்காரி கடைசியாக வந்தாள். எல்லாக் கேள்விக்கும் பதில் இருந்தது, கோணல்மாணலாகக் கையெழுத்தும் இருந்தது. ஐந்தாவது மட்டும் காலியாக இருந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வாத்தியார் பேனாவை எடுத்து, தன் கையாலேயே ‘இல்லை’ என்று எழுதினார். வேலைக்காக எழுதினாரா, அவளுக்காக எழுதினாரா என்று அவருக்கே தெரியவில்லை. வெட்கமாக மட்டும் இருந்தது.

வண்டி கிளம்பும்போது ஒன்பதாம் அறைப் பெரியவர் வாசல்வரை வந்தார். அவர் அறையைவிட்டு வெளியே வந்ததே அதிசயம் என்று பணிப்பெண் வாயைப் பிளந்தாள். அவர் வாத்தியாரைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

“யாரு பெத்த பிள்ளையோ, நல்லா இருக்கட்டும்!”