சத்தம் வரவில்லை

கணினித் திரையில் வாணியக்கா அழுதபடியே பேசிக்கொண்டிருந்தார். சத்தம் வரவில்லை. தாயில்லாத தன் மகள் ஷர்வினியை இனி ஜொகூரில் அவரோடு வைத்து வளர்க்க முடியுமா என்று நிவேந்திரன் கேட்டிருந்தான். இறந்த மனைவியின் அக்கா இன்று பதில் சொல்கிறார்.

பதற்றத்தோடு நண்பன் காண்டீபனைக் கைப்பேசியில் அழைத்தான்.

“ஸ்பீக்கர்ல ஒண்ணுமே வரல லா. வால்யூம் ஃபுல்லா வச்சிட்டேன்.”

“புதுசா ஏதாச்சும் மாட்டினியா?”

“ஷர்வினியோட அம்மா பாட்டு ரெக்கார்ட் பண்ணின ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி. பிள்ள கேட்டாளேன்னு காலையில மாட்டினேன்.”

“பிள்ள பக்கத்துலயா இருக்கு? கேட்டுடப் போவுது.”

“மேசைக்கடியில படம் வரையறா. காதுல அவ அம்மாவோட பெரிய ஹெட்போன். நான் கத்தினாக்கூடக் கேக்காது. அவகிட்ட லீவுக்கு மட்டும்தான் பெரியம்மா வீடுன்னு சொல்லி வச்சிருக்கேன்.”

“டேய், அதை மாட்டினா கம்ப்யூட்டர் சத்தம் ஸ்பீக்கருக்குப் போவாது. அந்தப் பெட்டிக்குத்தான் போவும். அதுல என்ன மாட்டியிருக்கு, பாரு.”

பெட்டியிலிருந்து ஒரு கறுப்பு வயர் மேசைக்கடியில் இறங்கியது.

ஷர்வினி ஹெட்போனைக் கழற்றாமலே நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்பா, பெரியம்மா என்னை எப்பவுமே வச்சுக்கிறாங்களாம். என்னை விட்டுட்டு உங்களால இருக்க முடியுமான்னு கேக்குறாங்க. என்ன சொல்லட்டும்?”