ஒரு சாண் நீளம்

1973ஆம் ஆண்டு ஆவணி மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, இணுவிலில், அரசாங்கக் கச்சேரி எழுதுவினைஞர் சோமசேகரத்தின் வீட்டு யன்னல்களில் முதன்முதலாகக் கேட்டின் எனப்படும் திரைகள் தொங்கின. தொங்கியதோடு நிற்காமல் ஒரு சாண் நிலத்திலும் கிடந்தன.

மனைவி பத்மாசினி கத்தரிக்கோலோடு யன்னலடியில் குந்தினார். பாதி முகம் சவரம் செய்தபடி சோமசேகரம் ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"வெட்டாதையும்! ஒரு விரல்கூட வெட்டாதையும்!"

"அப்ப உது நிலத்தைக் கூட்டட்டோ? நாலு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகினம். தடக்கி விழுந்தால் பொம்பிளையைப் பாக்க முதல் பரியாரியைத்தான் பாக்க வேணும்."

"கொழும்பிலை இப்ப உப்பிடித்தான் போடுகினம். கேட்டின் நிலத்திலை கொஞ்சம் கிடக்க வேணுமாம்."

"கொழும்பிலை கோழி வீட்டுக்குள்ளை வாறேல்லை."

திரை போட்டதற்குக் காரணம் இருந்தது. சித்திரையில் மகள் மீனாம்பிகையைப் பார்க்க வந்தவர்கள், பலகாரத்தை முடித்துவிட்டு, "வீடு பள்ளிக்கூடம் மாதிரி வெறுமையாய்க் கிடக்கு" என்று தரகரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்கு முதல் வந்தவர்களும் ஏறத்தாழ அதையே சொன்னார்கள். இந்தச் சம்பந்தமும் தவறினால் ஊர் வேறு காரணம் தேடத் தொடங்கிவிடும் என்று பத்மாசினிக்குப் பயம்.

துணி கூப்பனுக்கு மட்டுமே அளந்து கிடைத்த காலம் அது. முதல்நாள் பின்னேரம் சோமசேகரம் சைக்கிள் கரியரில் ஒரு பார்சலோடு வந்து, கூட்டாளி ஒருவர் கொழும்பிலிருந்து அனுப்பியதாகச் சொன்னபோது பத்மாசினி மேலே ஒன்றும் கேட்கவில்லை. இப்போதுதான் கேட்டார்.

"புதுத்துணிக்கு ஏன் இவ்வளவு கஞ்சி?"

"நல்ல துணிக்குக் கஞ்சி கூட."

மீனாம்பிகை ஊசியும் நூலுமாக வந்தாள். "அம்மா, வெட்டவும் வேண்டாம், விடவும் வேண்டாம். நான் உள்ளுக்கை மடிச்சு நூலோடிவிடுறன்."

"அது சரி, பிள்ளை. ஆனா லேசாய் ஓடு. பிறகு பிரிக்கக்கூடியதாய்" என்றார் சோமசேகரம்.

"பிரிச்சு என்ன செய்யப் போறியள்?" என்றார் பத்மாசினி.

"நாளைக்கு வீட்டை உயர்த்திக் கட்டினால்?"

பத்மாசினி அவரை ஏற இறங்கப் பார்த்தார். கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து குசினிக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது.

"வீடு கிடக்கட்டும். என்ரை மாம்பழக்கலர் மணிப்பூரியைக் கேட்டனீங்களே? இண்டைக்கு உடுக்க ஒரு நல்ல சீலை இல்லை."

"ஏரம்பு இன்னும் மினுக்கேல்லையாம். நாளைக்காம்."

ஏரம்பு சந்தியில் லோன்றி என்ற சலவைக்கடை வைத்திருந்தார். "அவரின்ரை 'நாளை' தைப்பொங்கலுக்கும் விடியாது" என்று சொல்லிவிட்டு, பத்மாசினி பழைய நூல்சேலையொன்றை உடுத்தார்.

நாலு மணிக்கு உடுவிலிலிருந்து தரகர் முருகேசுவோடு மாப்பிள்ளை வீட்டாரின் கார் வந்தது. முதலில் இறங்கியவர் மாப்பிள்ளையின் தாய் இரத்தினம்மா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அவரைக் கும்பிட்ட பத்மாசினியின் கைகள் கொஞ்சநேரம் கும்பிட்டபடியே நின்றன. சோமசேகரம் முழங்கையால் மெல்ல இடித்த பிறகுதான் "வாருங்கோ" என்ற சொல் வந்தது.

மீனாம்பிகை தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். மாப்பிள்ளை அவளைப் பார்த்தார். பார்த்த முகத்தில் சம்மதம் தெரிந்தது. இரத்தினம்மா யன்னலைப் பார்த்தார்.

எழுந்து போய்த் திரையை விரலால் தடவினார். விளிம்பைப் புரட்டினார். நூலோட்டத்தையும், மூலையில் இருந்த சின்னக் கறுப்புக் குறியையும் மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார்.

"கேட்டின் எங்கை எடுத்தனீங்கள்?"

"கொழும்பிலை. புறக்கோட்டையிலை." என்றார் சோமசேகரம்.

"புதிசோ?"

"நேற்றுத்தான் பிரிச்சது."

இரத்தினம்மா கதிரைக்குத் திரும்பவில்லை. மேசையில் இருந்த தன் கைப்பையை எடுத்தார்.

"பிள்ளை நல்ல பிள்ளை. கைவேலையும் துப்புரவு. ஆனால் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லுற வீட்டிலை நான் சம்பந்தம் வைக்கேலாது. உது நான் ஏரம்புவிட்டை வெளுக்கப் போட்ட கேட்டின்; மூலையிலை எங்கடை குறி கிடக்கு. நாளைக்கு அந்த நூலைப் பிரிச்சு அவரிட்டையே குடுத்துவிடுங்கோ. எங்கடை யன்னல் உங்கடையை விட ஒரு சாண் உயரம்."

சோமசேகரம் கொழும்புக் கூட்டாளியைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். தரகர் முருகேசு கையிலிருந்த பயற்றம்பணியாரத்தைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

பத்மாசினி கணவரை ஒரு தரம் பார்த்தார். பிறகு இரத்தினம்மாவிடம் நெருங்கிப் போய், மிகவும் மரியாதையாகச் சொன்னார்:

"ஓம் அக்கா, பிரிச்சுக் குடுக்கிறன். நீங்களும் நாளைக்கு இந்த மணிப்பூரியை ஏரம்புவிட்டைக் குடுத்துவிடுங்கோ. கரைப்பக்கம் கவனம், என்ரை கலியாணத்துக்கு அம்மா எடுத்துத் தந்தது."

மாப்பிள்ளை தாயின் சேலையைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். பிறகு தேத்தண்ணியைக் குடித்தார்.

இரத்தினம்மா கைப்பையை மேசையில் வைத்தார். மாம்பழ நிற முந்தானை நிலத்தில் படாதபடி ஒரு சாண் தூக்கி மடியில் ஒதுக்கிக்கொண்டு, திரும்பவும் கதிரையில் இருந்தார்.

"அப்ப, தையிலை ஒரு நல்ல நாள் பாப்பமே, சம்பந்தி?" என்றார்.