எட்டு மணிச் சங்கு

அட்ரியாடிக் கரையில், கிரேனை விட்டு இறங்கிய ஷிமேயைத் துறைமுக வாசலிலேயே மடக்கினாள் எதிர்வீட்டு நெவென்கா. சங்கும் கிரேனும் உயிரை எடுக்கின்றன என்று மூன்று வருடத்துக்கு முன் தெரு முழுக்கக் கையெழுத்து வாங்கியவள்.

"காலைல எட்டு மணிக்கு என்ன கூத்துன்னு உங்களுக்கே தெரியும்."

"காத்து பலமா இருந்துச்சும்மா."

"வீட்டுல ஜெர்மன்காரங்க தங்கியிருக்காங்க. என் மானமே போச்சு. நகரசபைல எழுதிக் குடுத்துட்டேன்."

ஷிமே தொப்பியைக் கழற்றினார். முதல் மனுவில் பறிபோன வேலை. நகரசபை திருப்பிக் கூப்பிட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை.

"பொழப்புல கை வச்சிராதீங்கம்மா."

"அப்ப ஒழுங்கா செய்யுங்க. எட்டுக்குச் சங்கு ஊதணும், எட்டேகாலுக்குப் பெட்டியத் தூக்கணும். 'துறைமுகத்தைப் பார்த்தபடி காலை காப்பி'ன்னு விளம்பரம் போட்டுத்தான் ரூம வாடகைக்கு விடறேன். இன்னைக்கு சங்கே ஊதல."

"காத்து அடங்கின பிறகுதாம்மா மேல ஏற முடிஞ்சுது. நாளைக்கு ஊதிடறேன்."

"கொஞ்சம் சத்தமாவே ஊதுங்க."

அவளுடைய மனுவால் கப்பல்கள் அடுத்த ஊருக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது. இன்று காலிப் பெட்டியைத் தூக்கி இடப்பக்கம் வைத்திருந்தார் ஷிமே. நாளைக்கு அதை மறுபடி வலப்பக்கம் வைக்க வேண்டும்.