பெரிய வியாழன் பாதம்

மாநகராட்சி வக்கீல் சவரிராயனை வீட்டுக் கூடத்தில் சவப்பெட்டிக்குள் கிடத்தியிருந்தார்கள். குடும்பமும் கோயிலுமாகவே வாழ்ந்தவர் என்று பங்குச் சாமியார் உருகினார். உண்மைதான். காலையில் வாய்க்கால் ஓரக் குடிசைகளை இடிக்க உத்தரவு வாங்கிவிட்டு, மாலைப் பூசைக்கு முதல் வரிசையில் வந்து முழந்தாளிடுவார். பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களின் பாதம் கழுவியதன் நினைவாக, சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவி முத்தமிடும்போது, வருடா வருடம் முதல் நாற்காலி அவருடையது. அந்தப் பாதத்தில் கழுவ ஒன்றும் இருக்காது, பவுடர் மணக்கும். இன்று அது உறையில்லாமல் விறைத்து நின்றது. யாரோ புதுக் காலுறையை அவர் மனைவி மதலேனிடம் கொடுத்தார்கள்.

அவள் அதைச் சாமியார் பக்கம் நீட்டினாள்.

“ஒவ்வொரு பெரிய வியாழனும் நீங்க கழுவுறதுக்கு முன்னாடி, நகம் வெட்டி, சோப்புப் போட்டு நான் கழுவி விடுவேன் சாமி. தண்ணி கொஞ்சம் சூடா இருந்தா அந்தக் காலாலயே எத்துவாரு. இன்னிக்கு ஒரு நாள் நீங்க போட்டு விடுங்க.”

நாலு மாதம் முன்பு அந்தப் பாதத்தை முத்தமிட்ட சாமியார், காலுறையை இரண்டு விரல் நுனியில் பிடித்தபடி, மாட்டிவிடச் சொல்ல, மணியடிக்கும் கோயில்பிள்ளையைத் தேடினார்.