திரும்பிப் போகும் தேதி

தாலுகா கச்சேரி ஜன்னல் வழியே உச்சிவெயில் மேசைமேல் விழுகிறது. பர்மா, சீனா, மலேயா என்று நாடு நாடாகச் சுற்றி, முப்பது வருடங்களுக்கு முன் குளச்சலில் தங்கிவிட்ட நார்வேக்காரி அன்னா, குமாஸ்தா வள்ளிநாயகத்தின் முன் நிற்கிறாள். அயல்நாட்டார் படிவத்தை அவர் அவள் பக்கம் தள்ளுகிறார்.

“மதாம்மா, திரும்பிப் போற தேதிய எழுதாம விட்டிட்டியளே?”

அவள் முகம் சிவக்கிறது. “எங்க திரும்பிப் போவணும்? போன நாட்டிலெல்லாம் இந்தத் தேதிய எழுதிக் குடுத்தவதான் வே நான். இங்க எழுதமாட்டேன்!”

“சட்டம் அப்பிடி” என்கிறார், தலை நிமிராமல்.

அவள் மேசையில் அறைகிறாள். மைக்கூடு துள்ளுகிறது. “குளச்சல் கல்லறையில எனக்க குழிக்கு இடம் கேட்டு வச்சாச்சு. அதுக்குப் போற தேதி உமக்குத் தெரியுமா? தெரிஞ்சா நீரே எழுதும்!”

குமாஸ்தா படிவத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொள்கிறார். அவர் பேனா அந்தத் தேதிக் கட்டத்துக்கு மேலே அப்படியே நிற்கிறது.